நடுவரின் நீரோட்டம்

ஜனவரி 4, ஞாயிறு

நேற்று மதியம் உடுமலைப்பேட்டையில் ஒரு பள்ளி ஆண்டு விழா. பட்டிமன்றத் தலைப்பு, “இல்லறத்தைக் கொண்டு செலுத்துவது கணவனின் பொறுமையா, மனைவியின் திறமையா?” ஆறு பேச்சாளர்கள். நடுவர் வழக்கம்போல் அடியேன்.

என் தீர்ப்புரை எப்போதும் அரை மணி நேரம் ஓடும். அதற்காகவே வருகிறவர்கள் இருக்கிறார்கள். நேற்று நான்கே நிமிடத்தில் முடித்துவிட்டேன். கூட்டம் ஒரு கணம் திகைத்து, பிறகு கைதட்டியது. தீர்ப்பு என்பது சுருங்கச் சொல்ல வேண்டியது என்று சில மாதங்களாகவே எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது. கலை முதிர முதிரச் சொற்கள் குறையும். பொன்னாடையோடு வந்த தாளாளரிடம் “அப்புறம், அப்புறம்” என்று கையைக் காட்டிவிட்டு மேடையின் பின்படி வழியாக வேகமாக இறங்கிப் போனேன். புகழுரையில் எனக்கு அவ்வளவு நாட்டம் இல்லை.

திரும்பும்போது நாச்சிமுத்துதான் கார் ஓட்டினார். வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். பல ஆண்டுகளாக என் குழுவில் கணவன் கட்சிக்காகவே பேசிப் பேசி, வீட்டில் மனைவியிடம் பேச வாய் வராத மனிதர். கோமங்கலம் தாண்டி அந்தி வெயிலில் தென்னந்தோப்புகளைப் பார்க்க ஒருமுறை இறங்கினேன். சற்றுத் தூரம் போய் மறுபடியும். மூன்றாவது முறை நாச்சிமுத்து எஞ்சினையே அணைத்துவிட்டார்.

“அண்ணா, தென்னமரம் எங்கீங்க ஓடிப் போயிரும்? நம்ம பொள்ளாச்சில இல்லாததா?”

“இயற்கையை ரசிக்கத் தெரியணும் நாச்சிமுத்து.”

“நானும் போன வருசம் இப்படித்தானுங்க ரோட்டோரமா நின்னு ரசிச்சுட்டு இருந்தேன். அப்புறம் கோயமுத்தூர்ல ஒரு டாக்டரப் பாத்தேன். ரெண்டே மாசம். இப்ப ரசனையே போயிருச்சுங்க.”

நான் பேச்சை மாற்றினேன்.

ஜனவரி 5, திங்கள்

குளியலறைக் குழாய் ஒழுகுகிறது. பிளம்பர் நாளை வருவதாகச் சொன்னான். அவன் நாளை என்பது எந்த நாள் என்று தெரியாது.

காலை உணவின்போது, உடுமலையில் கூட்டத்தைக் குலுக்கிய நகைச்சுவையை மனைவி ருக்குமணிக்குச் சொன்னேன். மாமியாருக்கு ஊன்றுகோல் வாங்கப் போன மருமகன் கதை. பாதியிலேயே உதட்டை இறுக்கிக்கொண்டு, “அடுப்புல பால் இருக்குதுங்க” என்று உள்ளே போய்விட்டாள். பால் இல்லை. பிறகு போய்ப் பார்த்தேன்.

மேற்கு மாவட்டங்கள் முழுவதும் சிரிக்கின்றன. என் வீட்டில் மட்டும் இல்லை. என் பட்டிமன்றத்துக்கு அவள் வந்தே வெகுகாலமாகிறது. கேட்டால், “கூட்டம்னா எனக்கு ஆகறதில்லீங்க” என்பாள். நகைச்சுவை உணர்வு எல்லோருக்கும் அமைவதில்லை. இதில் எனக்கு வருத்தம் ஏதும் கிடையாது.

ஜனவரி 8, வியாழன்

ருக்குவிடம், நான் தமிழ் நடத்தி ஓய்வு பெற்ற கல்லூரியில் ஒரு கூட்டம் என்று சொல்லிவிட்டுக் கோயம்புத்தூர் போனேன். நாச்சிமுத்துவே முன்பதிவு செய்திருந்தார். “டாக்டர் ரொம்ப நல்லவருங்க, பொறுமையாக் கேப்பாங்க” என்று சொல்லியிருந்தார்.

உள்ளே போனால் நாற்காலியில் ஒரு பெண். முப்பத்தைந்து வயதுக்கு மேல் இராது. டாக்டர் தஸ்னீம். ‘நல்லவர்’ என்ற சொல்லில் ஆண்பால் பெண்பால் தெரியாது என்று ஆண்டுக்கணக்கில் வகுப்பில் நடத்தியவன் நான். என் இலக்கணமே என்னைக் கைவிட்டது.

அதோடு நிற்கவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்தே விட்டார். “சார்! நீங்க பட்டிமன்ற முத்துவேலப்பன் சார்தானே? எங்கம்மா டிவில உங்க பேச்சு ஒண்ணு விடமாட்டாங்க!”

“ஒரு நண்பருக்காக விவரம் கேட்க வந்தேன்” என்றேன்.

“தாராளமா சார். நண்பருக்கு என்ன வயசு?”

“அறுபத்து மூன்று.”

“என்ன தொந்தரவாம்?”

நண்பரின் தொந்தரவுகளைச் சொன்னேன். அடிக்கடி போகத் தோன்றுகிறது, போனால் தொடங்குவதற்கே நேரமாகிறது, தொடங்கினாலும் நின்று நின்று வருகிறது, முடித்து வந்தால் முடியாதது போலவே இருக்கிறது. அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, சிரிக்காமல், “சரிங்க சார், நண்பர அந்தக் கட்டில்ல படுக்கச் சொல்லுங்க” என்றார்.

நண்பர் படுத்தார். பரிசோதனை பற்றி எழுத ஒன்றுமில்லை.

பிறகு நீரின் வேகத்தை அளக்கும் கருவி. ஒரு சிறிய அறை, ஒரு புனல், கதவுக்கு வெளியே ஒரு நர்ஸ். “ஆச்சுங்களா சார்?” என்று கேட்டார். சற்றுப் பொறுத்து மறுபடியும், “ஆச்சுங்களா?” ஆயிரக்கணக்கானோர் முன் ஒருநாளும் தடுமாறாதவன் ஒரு புனலின் முன் தடுமாறி நின்றேன். சொட்டுகூட வரவில்லை.

“பரவால்ல சார், நிறையப் பேருக்கு இங்க வராது” என்றார் டாக்டர். என் கைப்பேசியை வாங்கி அதில் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்தார். வீட்டுக் குளியலறையில் கைப்பேசியைப் பக்கத்து அலமாரியில் வைத்துவிட்டு, சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டு, வெஸ்டர்ன் கோப்பையில் தேங்கி நிற்கும் தண்ணீரில் நேராக விழும்படி போக வேண்டும். அந்தச் சத்தத்தைக் கேட்டே வேகம், நேரம் எல்லாவற்றையும் கணக்கிட்டுக் கோடாக வரைந்து அவருக்கு அனுப்பிவிடுமாம்.

“ஃபேன் ஓடக் கூடாது, குழாய் ஒழுகக் கூடாது. முக்கியமா, உள்ள பேசக் கூடாது சார்.”

கடைசி நிபந்தனையை என்னைப் பார்த்து எதற்காக அழுத்திச் சொன்னார் என்று தெரியவில்லை.

ரத்தமும் எடுத்தார்கள்.

ஜனவரி 9, வெள்ளி

பிளம்பர் வந்தான். குழாய் சரியாகிவிட்டது.

செயலிக்கு ‘நீரோட்டம்’ என்று பெயர் வைத்திருக்கிறேன். அதன் ஆங்கிலப் பெயர் வாயில் நுழையவில்லை.

முதல் பதிவு. கதவைத் தாழிட்டு, கைப்பேசியை சோப்புத் தட்டில் சாய்த்து வைத்து, சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். சிவப்பு விளக்கு எரிந்ததும், என்னையறியாமல், “அவையோர் அனைவருக்கும் வணக்கம்” என்று சொல்லிவிட்டேன். பழக்கம். அழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம் என்றால் அதற்குள் உள்ளதெல்லாம் தீர்ந்துவிட்டது. இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வரவேற்பறையில் காத்திருந்தேன்.

இரண்டாம் முறை ஒன்றும் பேசவில்லை. ஆனால் தொண்டையைச் செருமினேன். கோட்டில் அதுதான் உயரமாக இருக்கிறது.

நல்ல உடம்பில் அந்தக் கோடு மலைபோல ஏறி, மலைபோல இறங்குமாம். டாக்டர் படம் காட்டியிருந்தார். என்னுடையது வேகத்தடைகள் நிறைந்த பல்லடம் சாலை போலக் கிடக்கிறது.

ஜனவரி 12, திங்கள்

அபாரம்! இன்று காலைப் பதிவில் ஒரு சிகரம். ஒன்றல்ல, அடுத்தடுத்து மூன்று. தண்ணீரைக் கூட்டியதும், காலையில் முற்றத்தில் நடந்ததும் வேலை செய்திருக்கின்றன. மனம் விட்டால் உடம்பும் விடும் என்று நான் மேடையில் சொல்வது பொய்யில்லை. கடைவீதிக்குப் போய் மைசூர்பாகு வாங்கி வந்தேன்.

“என்னங்க விசேஷம்?” என்றாள் ருக்கு. சோற்றுக் குக்கரை இறக்கிக்கொண்டிருந்தாள்.

“மனிதன் மகிழ்ச்சியாக இருக்க விசேஷம் வேண்டுமா அம்மிணி?” என்றேன்.

என் கையில் இருந்த கைப்பேசியைப் பார்த்தாள். மைசூர்பாகை எடுக்கவில்லை.

ஜனவரி 17, சனி

பொங்கல் ஓய்ந்தது. பெங்களூரில் இருக்கும் மகள் கவின்மொழிக்கு இந்த ஆண்டு விடுமுறை கிடைக்கவில்லை. அவளிடம் ருக்கு பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

“உங்கப்பா இப்பெல்லாம் போனத் தூக்கிட்டுத்தான் பாத்ரூமுக்குள்ள போறாரு கண்ணு. தாப்பாப் போட்டுட்டா ஒரு சத்தம் இல்ல. அன்னைக்கு மட்டும் யாருக்கோ வணக்கம் சொன்னாரு. வெளிய வர்றப்ப ஒரு நாளைக்கு மொகம் பூத்திருக்குது, ஒரு நாளைக்கு வாடிக் கெடக்குது.”

என் தொழில்நுட்ப ஆர்வத்தை மகளிடம் எடுத்துச் சொல்கிறாள். சொல்லட்டும்.

ஜனவரி 20, செவ்வாய்

ஒரு கருவியை நம்பும் முன் அதைச் சோதித்துப் பார்ப்பது அறிவுடையோர் கடமை. அதற்காகவே இன்று குவளையில் தண்ணீர் எடுத்து, சீராக, ஒரே உயரத்திலிருந்து ஊற்றிப் பார்த்தேன். கோடு அற்புதமாக வந்தது. ஆனைமலையே எழுந்து நின்றது போல. அழிக்க மறந்துவிட்டேன். அது டாக்டருக்குப் போய்விட்டது.

ஜனவரி 22, வியாழன்

டாக்டர் தஸ்னீம் அழைத்தார். நல்லவேளை, ருக்கு மாடியில் வற்றல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

“சார், பன்னெண்டாம் தேதிப் பதிவுல மூணு விசில் கேக்குது. சமையல் ஆயிட்டிருந்துச்சுங்களா?”

நான் அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

“அப்புறம் சார், இருபதாம் தேதி. அது எந்த அருவி?”

“கருவியைச் சோதித்தேன்.”

“கருவி நல்லாத்தான் இருக்குங்க சார்” என்றார். சிரிப்பை அடக்கியிருக்க வேண்டும், குரல் ஒரு மாதிரி இருந்தது. பிறகு அந்தக் குரல் மாறியது. மற்றப் பதிவுகளில் எல்லாம் வேகம் குறைவாகவே இருக்கிறதாம். புராஸ்டேட் வீங்கி நீர்ப்பாதையை நெருக்குகிறது. அது பரவாயில்லை, மாத்திரைக்குக் கேட்கும். ஆனால் ரத்தத்தில் ஓர் அளவு இருக்க வேண்டியதைவிடக் கூடுதலாக இருக்கிறது.

“பயப்படாதீங்க சார். வீக்கத்துக்கே சில பேருக்கு இப்படிக் கூடும். ஒரு ஸ்கேன் எடுத்துட்டு, தேவைப்பட்டா துளியூண்டு சதை எடுத்துப் பாத்துருவோம். முப்பதாம் தேதி வந்துருங்க. துணைக்கு யாராவது கூட்டிட்டு வாங்க.”

“எதற்காகச் சதை?” என்றேன். தெரிந்துகொண்டேதான் கேட்டேன்.

“வேற ஏதாவது இருந்தா தெரிஞ்சுக்கலாம்னுதான் சார்.”

ஜனவரி 23, வெள்ளி

பொதுவாகவே வீட்டு நிர்வாகம் பெண்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். இன்று ருக்குவுக்கு மோட்டார் ஸ்டார்ட்டரை எப்படிப் போடுவது, நின்றுவிட்டால் என்ன செய்வது, ஓய்வூதிய அலுவலகத்தில் யாரைப் பார்க்க வேண்டும், காப்பீட்டுத் தாள்கள் எந்தப் பையில் உள்ளன என்று சொல்லிக் கொடுத்தேன். கவனமாகக் கேட்டாள்.

“ஏனுங்க, எங்காச்சும் போறீங்களா?” என்றாள்.

“நான் எங்கே போகப் போகிறேன்?”

தாராபுரம் கோயில் விழாவுக்கு வர இயலாது, தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டேன். அமைப்பாளர் குரலில் ஏமாற்றம். என் தொண்டை அவருக்கு நன்றாகவே கேட்டிருக்கும்.

ஜனவரி 24, சனி

பதிவு எடுக்கவில்லை. மனம் இல்லை.

ஜனவரி 25, ஞாயிறு

எழுதுவதற்கு நிறைய இருக்கிறது.

காலையில் தோசை சுட்டுக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், ருக்கு கேட்டாள்: “தஸ்னீம் யாருங்க?”

கைப்பேசி சாப்பாட்டு மேசையில் கிடந்தது. திரையில் அந்தப் பெயர் வந்திருக்கிறது.

“டாக்டர்.”

“டாக்டர்கிட்ட நீங்க எதுக்குங்க பாத்ரூம்ல இருந்து பேசோணும்?”

“நான் பேசவில்லை. பேசக் கூடாது என்பதுதான் நிபந்தனையே.”

கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள். அவள் கண்களைப் பார்த்தபோதுதான், இந்த இரண்டு வாரங்களாக அவள் என்ன நினைத்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்குப் புரிந்தது. என்னைப் பற்றி! வேறொரு நேரமாக இருந்தால் பெருமையாகக்கூட இருந்திருக்கும். செயலியைத் திறந்து காட்டினேன். கோடுகளைக் காட்டினேன். அவள் நம்பவில்லை. வேறு வழியின்றி ஒரு பதிவை ஒலிக்கவிட்டேன்.

அடுப்படியில் நாங்கள் இருவரும் நின்று அதைக் கேட்டோம். முதலில் வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு கொஞ்சம். பிறகு நிறுத்தம். ஒரு பெருமூச்சு, அது என்னுடையது. பிறகு கொஞ்சம். ருக்கு தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள். திடீரென்று முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அப்படியே குளியலறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தோசை கருகியது. நானே எடுத்துப் போட்டேன். என் நிலை கண்டு அவள் இவ்வளவு கலங்குவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சற்று நேரம் கழித்து வெளியே வந்தபோது வேறு புடவை உடுத்தியிருந்தாள். துக்கத்தில் யார் எப்படி நடந்துகொள்வார்கள் என்று சொல்ல முடியாது.

பிறகு மற்றதையும் சொன்னேன். ரத்தம், ஸ்கேன், சதை. சொல்லி முடிக்கும்வரை என் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

“இத்தன நாளா எங்கிட்டச் சொல்லலியேங்க.”

“நீ பயந்துவிடுவாய் என்று.”

“நான் பயந்துட்டுத்தானுங்க இருந்தேன். வேற எதுக்கோ பயந்துட்டு இருந்தேன்.” மேசை மீதிருந்த கைப்பேசியைத் தன் பக்கம் திருப்பி அந்தக் கோட்டைப் பார்த்தாள். “இது பொம்பளைங்களுக்கும் இருக்குதுங்களா?”

“இல்லை. ஆண்களுக்கு மட்டும்தான் சரியாக வருமாம்.”

“அதானே” என்று எழுந்து அடுத்த தோசையை ஊற்றப் போனாள்.

ஜனவரி 30, வெள்ளி

ருக்குதான் துணைக்கு வந்தாள். பிளாஸ்க், துண்டு, மாற்று வேட்டி எல்லாம் எடுத்து வைத்திருந்தாள். ஸ்கேன் எடுத்தார்கள். சதையும் எடுத்தார்கள். வலித்தது. இதற்கு மேல் அந்த அறையைப் பற்றி நான் எதுவும் எழுதப்போவதில்லை.

முடிந்து டாக்டர் அறையில் விவரம் கேட்டுவிட்டு எழுந்தால், ருக்கு எழவில்லை. “நீங்க வெளிய உக்காருங்க. நான் ஒரு நிமிசம் பேசிட்டு வர்றேன்” என்றாள். என்னைப் பற்றித் தனியாகக் கேட்கப் போகிறாள் என்று தெரிந்தது.

வெளியே பெஞ்சு முழுக்க ஆண்கள். எல்லோர் கையிலும் கைப்பேசி. காங்கேயத்துக்காரர் ஒருவர் என் பக்கம் சாய்ந்து, “உங்களுக்குக் கோடு எப்படிங்க வருது?” என்றார். என்னுடையதைக் காட்டினேன். தன்னுடையதைக் காட்டினார். மறுபுறம் இருந்தவர் எட்டிப் பார்த்து, “அண்ணனுது கொஞ்சம் பரவால்லயே” என்று காங்கேயத்தாரைப் பாராட்டினார். இவ்வளவு மனம் விட்ட அவையில் நான் இதுவரை அமர்ந்ததில்லை. என் குரலைக் கேட்டும் யாரும் என்னை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. நான் மெல்லப் பேசினேன் போலிருக்கிறது.

ருக்கு உள்ளே இருந்த நேரம் நான் இருந்ததைவிட அதிகம். வெளியே வந்தபோது கையில் ஒரு தாள்.

“என்ன சொன்னார்?”

“பொம்பளைங்க சமாச்சாரம்” என்றாள்.

பிப்ரவரி 2, திங்கள்

செய்தி இல்லை.

பிப்ரவரி 4, புதன்

செய்தி இல்லை. முருங்கைக்கீரை ஆய்ந்து கொடுத்தேன். ருக்கு காலையில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டு ஏதோ பயிற்சி செய்கிறாள். பார்த்தால் சும்மா படுத்திருப்பது போலத்தான் இருக்கிறது. “என்ன இது?” என்றால் “யோகாங்க” என்கிறாள். எந்த ஆசனத்திலும் கை கால் அசையாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

நாச்சிமுத்து இரண்டு முறை அழைத்தார். எடுக்கவில்லை. மாலையில் வாழைத்தாருடன் நேரிலேயே வந்து, நோயைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், அரசாங்கத்தைத் திட்டிவிட்டுப் போனார். நல்ல மனிதர்.

பிப்ரவரி 6, வெள்ளி

ஒன்றுமில்லை!

டாக்டர் தஸ்னீமே அழைத்துச் சொன்னார். வெறும் வீக்கம்தான். வேறெதுவும் இல்லை. தினமும் படுக்கப் போகும்போது ஒரு மாத்திரை, கோட்டைத் தொடர்ந்து அனுப்ப வேண்டும், அவ்வளவே. “இனிமே அருவி வேண்டாம் சார்” என்றார்.

அடுப்படிக்கு ஓடினேன். ருக்கு விஷயத்தைக் கேட்டதும் பூஜை அலமாரியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்ன செய்வதென்று தெரியாதபோது நான் பேசுவேன். காங்கேயத்தாரும் நானும் கோடுகளை ஒப்பிட்டதைச் சொன்னேன். பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து ஓடியதை, குரல் மாற்றி, நடித்தே காட்டினேன்.

“போதுங்க! நிறுத்துங்க!” என்று என் தொடையில் அடித்தாள் ருக்கு. முந்தானை வாயில். கண்ணில் நீர். “நிறுத்துங்கன்னு சொல்றேனல்ல!”

நிறுத்தினேன். அப்போதுதான் பார்த்தேன். அழவில்லை. சிரித்துக்கொண்டிருந்தாள்.

“நீ... சிரிக்கிறாயா?”

அவள் மூச்சு வாங்கினாள். தரையையே பார்த்துக்கொண்டு சொன்னாள். “உங்க பேச்சக் கேட்டா எனக்கு நிக்காதுங்க.”

“சிரிப்பா?”

“சிரிப்புந்தான்.” முந்தானை நுனியை விரலில் சுற்றினாள். “சிரிச்சா, தும்முனா, கனமா எதையாச்சும் தூக்குனா... கூடவே வந்துருதுங்க. கவினு பொறந்ததுல இருந்தே கொஞ்சம் இருந்துச்சு. கர்ப்பப்பை ஆபரேசனுக்கு அப்புறம் சாஸ்தி ஆயிருச்சு.”

ஆனைமலைக் கோயில் விழாவைச் சொன்னாள். சந்தன நிறப் பட்டு உடுத்தி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாளாம். நான் வாஷிங் மெஷின் கதையைச் சொன்னேனாம். பந்தல் காலியாகும்வரை அவள் நாற்காலியை விட்டு எழவில்லை. நாச்சிமுத்துவின் மனைவி கூப்பிட்டதற்குக் கால் சுளுக்கிவிட்டது என்று சொன்னாளாம். அன்று அவள் நொண்டிக்கொண்டே காருக்கு வந்தது எனக்கு நினைவிருக்கிறது. தைலம்கூட நான்தான் தேய்த்துவிட்டேன்.

“அதுல இருந்து வர்றதில்லீங்க. கல்யாணம் காட்சின்னாக்கூட பாத்ரூம் எங்கிருக்குதுன்னு கேட்டுட்டுத்தான் போவேன். இது பொம்பளைக்கு இருக்கறதுதான், விடுன்னு எங்க பெரியம்மா சொன்னாங்க. விட்டுட்டேன். அன்னைக்கு நீங்க கோடு கோடாக் காட்டறீங்க, பாட்டாப் போட்டுக் காட்டறீங்க, டாக்டர் கூப்பிட்டு விசாரிக்கறாங்க. எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, கோவமும் வந்துச்சு. அதான் ஆஸ்பத்திரிக்குப் போனப்ப நானும் கேட்டுப்போட்டேன். பயிற்சி இருக்குதாங்க இதுக்கு. மூணு மாசம் விடாமப் பண்ணா நல்லாவே கொறையுமாம்.”

“அந்த யோகா?”

“அதாங்க.”

சற்று நேரம் இருவரும் தரையிலேயே இருந்தோம். “நான் நன்றாகப் பேசவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன் ருக்கு” என்றேன்.

“நல்லாப் பேசறதுதானுங்களே பிரச்சனை.”

இத்தனை ஆண்டுகளில் எனக்குப் போர்த்திய பொன்னாடைகள் ஒரு பீரோ முழுக்க இருக்கின்றன. இப்படி ஒன்றை யாரும் சொன்னதில்லை. முதலில் மகிழ்ச்சிதான் வந்தது, உள்ளதை எழுதுகிறேன். அந்த மகிழ்ச்சி அடங்கிய பிறகு, எழுந்து போய்ச் சோற்றுக் குக்கரை நானே அடுப்பில் வைத்தேன். கனமாக இருந்தது.

பிப்ரவரி 18, புதன்

மாத்திரை வேலை செய்கிறது. படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் கிறுகிறுக்கும், உட்கார்ந்து எழ வேண்டும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். நான் சட்டென்று எழுந்தேன். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். “நடுவர் ஐயா, உக்காந்து எந்திரிங்க” என்றாள் ருக்கு.

காலைக் காப்பியோடு அன்றன்றைய கோட்டைப் பார்ப்பது அவளுக்கு வழக்கமாகிவிட்டது. செய்தித்தாளுக்கு முன் அதுதான். இன்று மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்து, “ரோடு போயி குன்றாட்டம் ஒரு கரடு வந்திருக்குதுங்க. இன்னும் மலையாகல” என்றாள்.

அவளுடைய பயிற்சிக்குக் கோடு கிடையாது. “உனக்கு எப்படி இருக்கிறது?” என்று கேட்டேன். யோசித்துப் பார்த்தால், இதை இப்போதுதான் முதன்முறையாகக் கேட்கிறேன். “நேத்து தும்முனேன். ஒண்ணும் ஆகல” என்றாள். பரிசு வாங்கியவள்போல முகம்.

பிப்ரவரி 22, ஞாயிறு

பொள்ளாச்சியிலேயே ஒரு கல்யாண மண்டபத்தில் மார்ச் முதல் தேதி பட்டிமன்றம். அமைப்பாளர் வீட்டுக்கே வந்தார். ஒப்புக்கொண்டேன், ஒரு நிபந்தனையுடன். நடுவில் இடைவேளை விட வேண்டும்.

“பட்டிமன்றத்துக்கு எங்கீங்க இடைவேளை? கூட்டம் எந்திரிச்சா திரும்ப உக்காராதுங்கய்யா.”

“உட்காரும்.”

“சினிமாவாங்கய்யா இது?”

“இடைவேளை இல்லை என்றால் நடுவரும் இல்லை.”

உள்ளிருந்து ருக்கு காப்பி கொண்டுவந்து வைத்தாள். “கக்கூஸ் எத்தன இருக்குதுங்க மண்டபத்துல? பொம்பளைங்களுக்குத் தனியா இருக்குதுங்களா? தண்ணி வருங்களா?” என்று கேட்டாள். அமைப்பாளர் என்னைப் பார்த்தார். “பதில் சொல்லுங்கள்” என்றேன்.

அவர் போன பிறகு, “வருகிறாயா?” என்று கேட்டேன்.

“கதவோரமா எடம் போட்டா வர்றேன்.”

மார்ச் 1, ஞாயிறு

இப்போதுதான் வீட்டுக்கு வந்தோம். சூட்டோடு எழுதிவிடுகிறேன்.

தலைப்பு, “நாவுக்கு ருசி வீட்டுச் சமையலா, ஓட்டல் சமையலா?” மண்டபம் நிறைந்திருந்தது. மூன்றாம் பேச்சாளர் முடித்ததும் நான் எழுந்து ஒலிவாங்கியைப் பிடித்தேன். என்ன சொல்வது என்று தயாரித்து வந்திருந்தேன். அது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

“அவையோரே, பத்து நிமிடம் இடைவேளை. காரணம் சொல்லிவிடுகிறேன். எனக்குப் புராஸ்டேட் வீக்கம்.”

மண்டபத்தில் மின்விசிறிகள் மட்டும் ஓடின. பக்கத்தில் நாச்சிமுத்து வேட்டி நுனியை ஆராயத் தொடங்கினார்.

“இத்தனை காலம் மூன்று மணி நேரம் இந்த நாற்காலியில் நான் எப்படி உட்கார்ந்திருந்தேன் என்று கடவுளுக்குத்தான் தெரியும். உங்களில் பலரும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். நீங்கள் கால் மாற்றிக் கால் போடுவது இங்கிருந்து நன்றாகத் தெரிகிறது. நான் கைப்பேசியை வைத்து என் நீரோட்டத்தை அளக்கிறேன். டாக்டரைப் பார்த்தேன். மாத்திரை சாப்பிடுகிறேன். பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை. பயந்துகொண்டு போகாமல் இருந்ததுதான் தப்பு. ஆண்கள் இடப்புறம், பெண்கள் வலப்புறம். தண்ணீர் வருகிறது, விசாரித்துவிட்டேன்.”

முதலில் யாரும் அசையவில்லை. பிறகு இரண்டாம் வரிசையில், தங்க பிரேம் கண்ணாடி போட்ட ஒரு பெரியவர், சட்டையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். யாரையும் பார்க்காமல் இடப்புறம் நடந்தார். அவருக்குப் பின்னால் ஒருவர். பிறகு வரிசை வரிசையாக. வலப்புறம் அதைவிடக் கூட்டம். நான் மேடையிலிருந்து இறங்கி வரிசையில் நின்றேன். முன்னால் நின்றவர் திரும்பி, “அந்த ஆப்பு பேரு என்னங்கய்யா?” என்றார். அவருக்கு முன்னால் நின்றவரும் காதைத் தீட்டிக்கொண்டார். நாச்சிமுத்து, எதற்காகவோ, எனக்குப் பின்னால் நின்றார்.

“உங்களுக்குத்தான் ரசனை போய்விட்டதே?” என்றேன்.

“துணைக்கு வந்தேனுங்க” என்றார்.

கூட்டம் திரும்ப உட்கார்ந்தது. அமைப்பாளர் எண்ணிப் பார்த்திருப்பார் போல, மேடையோரத்தில் நின்று எனக்குக் கட்டைவிரலைக் காட்டினார். இரண்டாம் பாதியில் பேச்சாளர்கள் முன்பைவிட நன்றாகப் பேசினார்கள். கேட்டவர்களும் நிம்மதியாகக் கேட்டார்கள்.

கடைசியாக என் தீர்ப்புரை. முழு அரை மணி நேரத்துக்கான சரக்கு வைத்திருந்தேன். ஓட்டலில் ‘ஸ்பெஷல் தோசை’ கேட்டவரின் கதையைச் சொன்னபோது மண்டபம் சிரித்தது. அந்தச் சிரிப்பில் ஒன்று தனியாகக் கேட்டது. கதவோரம், கடைசி நாற்காலி. முந்தானையை வாயில் வைக்கவில்லை. தலையைப் பின்னால் சாய்த்து, கழுத்து நரம்பு தெரிய, ருக்கு சிரித்தாள். கல்யாணமான புதிதில் அப்படிச் சிரித்துப் பார்த்திருக்கிறேன்.

பிறகு எழுந்தாள். ஓடவில்லை. என்னைப் பார்த்து ஒரு கையை மட்டும் உயர்த்தினாள், பேருந்து ஓட்டுநரிடம் காட்டுவது போல. கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள்.

நான் பேச்சை நிறுத்தினேன்.

கூட்டம் காத்திருந்தது. ஏதோ பெரிய தீர்ப்பு வரப்போகிறது என்று நினைத்திருப்பார்கள். முன்வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கேட்டார். நாச்சிமுத்து சாய்ந்து, “அண்ணா, மறந்து போச்சுங்களா?” என்றார். நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒலிவாங்கி பிடித்த நாள்முதல் மேடையில் நான் பேசாமல் நின்றது இதுதான் முதல்முறை. கஷ்டமாக இல்லை.

கதவு திறந்தது. ருக்கு வந்து உட்கார்ந்தாள். மடிப்பை நீவிவிட்டுக்கொண்டாள். அதே புடவைதான். மேடையைப் பார்த்து, ‘ம், சொல்லுங்க’ என்பதுபோலத் தலையை ஆட்டினாள்.

சொன்னேன்.